அம்மை குத்திய கை

எங்கள் அம்மாவின் இடது புயத்தில் அம்மை குத்திய தழும்பு ஒன்று உண்டு. பல்லடத்துக்குத் தெற்கே, பிறந்த ஊரில், சிறுமியாக இருந்தபோது குத்தியது. 2022 தை மாதம் கொரோனா கண்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே பிள்ளைகள் எங்களிருவரையும் கேட்டார்: “இது ஒருக்கா குத்துனது, ஆயுசுக்கும் நின்னுச்சு. நீங்க போட்டுவிட்டது ரெண்டு ஊசி. வருசங்கூடத் தாங்கலையே கண்ணு?”

குற்றம் எங்களுடையது. 2021 மே மாதம், அன்றாடத் தொற்றில் கோவை சென்னையையே விஞ்சிய நாள்களில், ஊசி போடாத தாய்மாமனைப் பறிகொடுத்தோம். அம்மாதத் தொடக்கத்தில் இரண்டாம் தவணை கோவிஷீல்டு போட்டிருந்த அம்மாவிடம், “இனி ஒண்ணும் வராதும்மா” என்றோம். ஆறுதலுக்குச் சொன்னதை அவர் வாக்காகவே எடுத்துக்கொண்டார்.

எங்களில் ஒருவர் தமிழாசிரியர், மற்றவர் வங்கி ஊழியர். மருத்துவம் அறியோம். எனினும் கொடுத்த வாக்கைத் திருத்த வேண்டுமே, படித்தோம். ஊசியால் குருதியில் பெருகும் எதிர்ப்புப் புரதங்கள் சில மாதங்களில் குறையத்தான் செய்யும். நோயை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் நெடுநாள் தங்கும். ஆனால் அவை விழித்தெழச் சில நாள்கள் வேண்டும். பெரியம்மை உடலில் வெளிப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது. ஒமிக்ரானோ மூன்று நாளில் மூக்கிலும் தொண்டையிலும் வேலையை முடித்துவிடுகிறது. போதாததற்கு முகத்தையும் மாற்றிக்கொண்டு வந்தது. ஆகவே தொற்றைத் தடுக்கும் வலு முதலில் தேய்கிறது. உயிரைக் காக்கும் வலு அவ்வளவு விரைவில் தேய்வதில்லை. அம்மா எழுந்து உட்கார்ந்து எங்களைக் கேள்வி கேட்டது அந்த இரண்டாவதன் தயவாக இருக்கலாம்.

எங்களை வியக்கவைத்தது வேறொன்று. அம்மைக் குத்தும் ஆயுட்காவல் அன்று. அந்நாளில் சில ஆண்டுகளுக்கொருமுறை மறுபடியும் குத்தியிருக்கிறார்கள். 1980இல் நோயே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டதால், அதன் தேய்வு அம்மாவின் கண்ணில் படாமலே போயிற்று. பகைவன் வராத ஊரில் கோட்டைச் சுவர் எவ்வளவு இடிந்திருக்கிறதென்று யார் பார்த்தார்கள்?

இதையெல்லாம் ஒரு மாலை முழுக்கச் சொன்னோம். கேட்டுவிட்டு, “அப்ப ஒண்ணும் வராதுன்னு ஏன் சொன்னீங்க?” என்றார். பதில் இல்லை.

சித்திரையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரே கிளம்பினார். செவிலியர் இடது கையைப் பிடித்தபோது மட்டும் தடுத்தார். “அது அம்மை குத்துன கை. இதுல போடுங்க அம்மிணி” என்று வலக்கையை நீட்டினார்.