மேஸ்திரியின் பிளைண்டு

ஆண்டு மலரில் சீட்டாட்டமா என்று மலர்க்குழு அண்ணன் ஒருவர் முகம் சுளித்தார். நண்பர்களே, யாரையும் ஆடச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் எங்கள் ஊரில் காதுகுத்து என்றாலும் கருமாதி என்றாலும் ராத்திரி திண்ணையில் ஒரு பெட்ஷீட் விரியும்; மூணு சீட்டு ஓடும். நம்ம கணக்குப் புத்தகம் அங்கேயும் ஓடுகிறது.

தெரியாதவர்களுக்காக: ஆளுக்கு மூணு சீட்டு. பார்க்காமல் காசு கட்டினால் பிளைண்டு. பார்த்தவன் அதற்கு ரெண்டு மடங்கு கட்டணும், இல்லாவிட்டால் கவிழ்த்துவிட்டு ஒதுங்கணும். கடைசியில் ரெண்டு பேர் மிஞ்சினால் காசு கட்டி ‘ஷோ’ கேட்கலாம். 1967-ல் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்ன உச்சநீதிமன்றம், மூணு சீட்டை அதிர்ஷ்டத்தின் பக்கம்தான் வைத்தது. சீட்டு வருவது அதிர்ஷ்டம், சரி. கவிழ்ப்பது?

அப்பா வேலை பார்க்கும் மேஸ்திரிதான் எங்கள் தெருவின் பிளைண்டு ராஜா. சீட்டைத் தொடவே மாட்டார். “அஞ்சு”, “பத்து” என்று ஏத்திக்கொண்டே போவார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கவிழ்ப்பார்கள். ஜெயித்த கையில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதியில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 52 சீட்டில் மூன்று எடுக்க 22,100 வழி. அதில் 16,440-ல் ஒரு ஜோடிகூடக் கிடையாது. நூற்றுக்கு 74 தடவை வெறுங்கை! சத்தமாகக் கட்டினாலும் மேஸ்திரிக்கு இதே கணக்குதான். அவரும் நாமும் மட்டும் மிஞ்சினால், நம் கையில் ஒரு ஏஸ் இருந்தாலே பாதிக்கு மேல் தடவை நாம்தான்.

சில பையன்கள் அவரைப் போலவே ஏத்தி மிரட்டப் பார்ப்பார்கள். சீட்டையே பார்க்காதவர் எதைப் பார்த்துப் பயப்படுவார்? நல்ல கை வரும்வரை கவிழ்க்கணும். வந்தால் ஏத்தாமல் பின்னாடியே போகணும். காசை அவரே போட்டுக்கொள்வார்.

கணக்கில் வராதது ஒன்று உண்டு. அவருக்குப் பத்து ரூபாய் ஒரு டீ. அப்பா ஜோடியை வைத்துக்கொண்டு கவிழ்த்ததைப் பின்னாலிருந்து நானே பார்த்திருக்கிறேன். ஏன்ப்பா என்று கேட்டேன். “திங்கக்கிழமை அவர்கிட்டதானே போய் நிக்கணும்” என்றார். இதற்கு எந்தப் புத்தகத்தில் சூத்திரம் இருக்கிறது?

போன தை மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. எண்பது ரூபாயோடு உட்கார்ந்தேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் கவிழ்த்துக்கொண்டே இருந்தேன். “படிச்ச புள்ள பயப்படுது” என்று சிரித்தார்கள். அப்புறம் ஒன்பது ஜோடி வந்தது. மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். அவர் பத்து கட்டினார், நான் இருபது. மறுபடி பத்து, மறுபடி இருபது. கடைசியாக இருபது கட்டி ஷோ கேட்டேன்.

அவர் சீட்டைத் திருப்பினார். ராஜா, ஏழு, மூணு.

“உங்க காலேஜ்ல இதையுமா மாப்ளே சொல்லித் தராங்க?”

“கணக்கு சொல்லித் தராங்க மாமா.”

அடுத்த கையில் அவர் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கட்டினார். பக்கத்திலிருந்த கொத்தனார் அண்ணன் முதல் தடவையாக அவர் பின்னாடியே போனார். அப்பா வழக்கம்போல் கவிழ்த்துவிட்டு, “போதும், எந்திரி. காலையில பஸ்ஸு இருக்கு” என்றார்.