ஆறிப்போன காப்பி

பங்குப் பணியாற்றும் குரு ஒருவருக்கு ஒரு நாளில் எத்தனை காப்பி நீட்டப்படும் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. வீடு மந்திரிக்கச் சென்றால் காப்பி. நோயாளியைச் சந்தித்துத் திரும்பினால் காப்பி. அன்பியக் கூட்டம் முடிந்தால் காப்பி. சர்க்கரை நோய் எம்மைப் பற்றிய நாளிலிருந்து "வேண்டாம்" என்னும் சொல் எமது நாவில் எளிதாக வருகிறது. ஆனால் அச்சொல்லைச் சொல்லும்போதெல்லாம் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தை அடுத்த ஒரு சமையலறை எமது நினைவில் எழுந்து நிற்கிறது.

எமது தந்தையார் ஓடாவி. தோணிகளின் பலகை பெயர்த்து, புதுப் பலகை இணைத்து, இடைவெளிகளில் பஞ்சு அடைத்து, அவற்றை மீண்டும் கடலுக்கு அனுப்புவது அவரது தொழில். அவரது நெருங்கிய நண்பர் ஒரு தோணியின் தண்டல்; அத்தோணியில் பங்கும் உடையவர். வெங்காயமும் பருப்பும் ஏற்றிக் கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் சென்று வருவார். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் தோணிகள் கரையில் ஓய்ந்திருக்கும். அப்போதுதான் தந்தையாருக்கு வேலை மிகும். இரு குடும்பங்களும் ஒரே குடும்பம்போல் கலந்திருக்கும். தண்டலின் மனைவியாரை நாம் மாமி என்று அழைப்போம். உறவு இரத்தத்தால் வந்ததன்று, அடுப்பங்கரையால் வந்தது.

நாம் பனிமய மாதா ஆலயத்தில் பீடச் சிறுவனாக இருந்தோம். காலைப் பூசை முடிந்து வரும் வழியில் மாமியின் வீடு. பின்வாசல் வழியே நுழைந்தால் நேரே சமையலறை. கரி படிந்த சுவர், விறகடுப்பு, மூலையில் தாமிரபரணித் தண்ணீர் நிறைந்த குடங்கள். குழாயடியில் நெடுநேரம் காத்து நின்று பிடித்த தண்ணீர் ஆதலால் அதில் ஒரு சொட்டும் வீணாகாது. உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி அந்தத் தண்ணீரில் இட்டுக் கொதிக்கவைப்பார். கருப்பட்டியில் மண் இருக்கும் என்பதால் முதலில் துணியில் வடிகட்டுவார். மீண்டும் அடுப்பேற்றி, சுக்கு ஒரு துண்டு நசுக்கிப் போட்டு, கொதி வந்ததும் இறக்கியபின்பே காப்பித்தூளை இடுவார். தூள் அடியில் படியும்படி ஒரு கை பச்சைத் தண்ணீர் தெளித்து மூடிவைப்பார். பால் கிடையாது. அந்தக் கடுங்காப்பியைப் பித்தளைத் தம்ளரில் ஊற்றி, சூடு தாங்காத எமது கைக்குத் தம் சேலை முந்தானையை மடித்துக் கொடுப்பார்.

மாமியும் அப்போதுதான் அன்றைய முதல் மிடற்றை அருந்துவார். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு போதுமென்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1964ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தார். மாமி மட்டும் நள்ளிரவு முதல் ஒன்றும் உட்கொள்ளாத பழைய ஒழுங்கை விடவில்லை. "எங்க அய்யா முத்துக் குளிக்கும்போதும் அப்படித்தான் இருந்தாவ" என்பார். மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. அதில் மூழ்கியவர் அவர் தந்தை. கரையேறி நடுங்கி நிற்கும் அவருக்குச் சூடாகக் கடுங்காப்பி கலந்து கொடுத்துத்தான் அக்கலையைக் கற்றதாக மாமி சொல்லுவார்.

காப்பி நம் மண்ணுக்குப் பழைய பொருளன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் ஏடுகள் இப்பழக்கத்தைக் கண்டித்து எழுதியதை ஆ. இரா. வேங்கடாசலபதி "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். அவ்வாறு கண்டிக்கப்பட்ட பானமே விரைவில் நம் விருந்தோம்பலின் முதல் அடையாளமாயிற்று. வந்தவருக்குக் காப்பி கொடாதிருப்பது குறை. கொடுத்த காப்பியைக் குடியாதிருப்பது அதனினும் பெருங்குறை. பகை மூண்ட வீட்டைக் குறித்து "அங்கே கை நனைக்கமாட்டோம்" என்று நம் மக்கள் சொல்வது அதனாலன்றோ?

அச்சொல் ஒருநாள் எமது வீட்டிலும் எழுந்தது. 1979ஆம் ஆண்டு; எமக்கு வயது பதினொன்று. தோணி பழுதுபார்த்த கூலியில் மீதி வரவில்லை என்று தந்தையாருக்கும் தண்டலுக்கும் கடற்கரையில் வாய்ச்சொல் முற்றியது. பலர் முன்னிலையில் சொல்லத் தகாதவை சொல்லப்பட்டன. அன்றிரவு தந்தையார், "இனி அந்த வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது" என்றார். அன்னையார் மறுமொழி கூறவில்லை.

மறுநாள் பூசை முடிந்து வந்தோம். மாமி பின்வாசலில் நின்றார். "ஏ மக்கா, காப்பி ஆறிப்போகுது, வா" என்றார். "வேண்டாம், மாமி" என்று தலைகுனிந்து சொல்லி நடந்தோம். பதினொரு வயதுச் சிறுவன் தந்தைக்குக் கீழ்ப்படிந்தான்; அதில் பிழை காண்பதற்கில்லை. எம்மை வருத்துவது பின்னர் நிகழ்ந்தது.

1996ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றோம். நன்றித் திருப்பலியின் முடிவில் மக்கள் வரிசையாக வந்து புதுக்குருவின் உள்ளங்கைகளை முத்தமிட்டனர். அவ்வரிசையில் மாமியும் வந்தார். முத்தமிட்டார், எமது முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். தந்தையார் அதற்கு ஈராண்டுக்கு முன்பே இறைவனடி சேர்ந்திருந்தார். எம்மைத் தடுக்க எவரும் இல்லை. அவ்வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆயினும் நாம் செல்லவில்லை. அழைத்தால் செல்லலாம் என்று எண்ணினோம். குருவானவர் தாமாகச் சென்று நிற்பதா என்னும் எண்ணமும் அதனுள் ஒளிந்திருந்தது என்பதை இன்று ஒளிக்காமல் எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மாமி படுக்கையில் இருப்பதாகவும் எம்மைப் பார்க்க விரும்புவதாகவும் செய்தி வந்தது. அவ்வூர்ப் பங்குக் குருவின் இசைவோடு சென்று நோயில்பூசுதல் வழங்கினோம். சமையலறையில் விறகடுப்பு இருந்த இடத்தில் எரிவாயு அடுப்பு இருந்தது. சடங்கு முடிந்ததும் மாமி மருமகளைப் பார்த்துக் கையசைத்தார். கருப்பட்டிக் காப்பி வந்தது. சர்க்கரை நோயைச் சொல்ல எமது வாய் திறந்தது, பின் மூடிக்கொண்டது. அமர்ந்து குடித்தோம்.

தம்ளர் காலியாகும் வரை பார்த்திருந்துவிட்டு மாமி மெல்லப் பேசினார்: "சாமி, அந்தக் கூலி மிச்சத்தைச் சிறுகச் சிறுக உங்க அம்மை கையில நான் கொடுத்து முடிச்சிட்டேன். உங்க அய்யாவுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. பிள்ளை மட்டும் காப்பி குடிக்க வரலியேன்னுதான் கிடந்துச்சு."

நாம் பேச்சிழந்தோம். ஆடவர் இருவர் கடற்கரையில் முறித்த உறவை, பெண்கள் இருவர் யாருமறியாமல் அடுப்பங்கரையில் காத்து வந்திருக்கின்றனர். அன்னையாரும் அதைச் சொல்லாமலே கண் மூடிவிட்டார். தீர்ந்துவிட்ட கடன் ஒன்றுக்காக நாம் ஒருவரை இத்தனை ஆண்டுகள் வாசலில் நிறுத்திவைத்தோம். அவ்வாண்டுகளில் பீடத்தின்முன் நின்று, காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவரின் போதனையை எத்தனை மறையுரைகளில் விளக்கியிருப்போம்!

இறையியல் கற்கையில், கொடுப்பதே அன்பு என்று படித்தோம். பெற்றுக்கொள்வதும் அன்பே என்பதைக் கற்பித்தது மாமியின் காப்பி. யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் முதலில் தண்ணீர் கேட்டார். வாழ்வளிக்கும் தண்ணீரைப் பற்றிப் பின்னரே பேசினார்.

அன்பு வாசகர்களே, உங்கள் தெருவிலும் நீங்கள் கை நனையாத வீடு ஒன்று இருக்கலாம். அங்கே எவரும் உங்களை மீண்டும் அழைக்காமலிருக்கலாம். அழைப்புக்குக் காத்திராதீர்கள். மாமி எமக்காகக் காத்திருந்தார். எல்லாரும் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. எமது மருத்துவர் மன்னிப்பாராக; கருப்பட்டிக் காப்பி நீட்டும் வீட்டில் இப்போதெல்லாம் ஒரு மிடறேனும் அருந்திவிட்டே எழுகிறோம்.