காய்கறிக்கு அடியில்

எங்கள் ஊர் நூலகத்தில் பெண்கள் உட்கார்ந்து படிப்பதில்லை. படிக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. முன்னறையில் நீளமான ஒரு மேசை, அதைச் சுற்றி ஆண்கள், ஆளுக்கொரு நாளிதழ். அவர்களைத் தாண்டித்தான் புத்தக அலமாரிக்குப் போக வேண்டும். கழிப்பறை கிடையாது. அதனால் பெண்கள் பையோடு வந்து, இரண்டு புத்தகம் மாற்றிக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். மொத்தம் ஐம்பது நிமிடம் அவர்கள் யாருக்கும் சோறு போட வேண்டியதில்லை. “லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்” என்றால் கேள்வி கேட்காமல் அனுப்பும் வீடுகள் உண்டு. கோயிலுக்கு அடுத்தபடியாக, தனியாகப் போக அனுமதி கிடைத்த ஒரே இடம் அதுதான்.

2020 மார்ச்சில் அது மூடப்பட்டது. மூடியதில் எனக்கு வருத்தமில்லை. நோய் பரவும் காலத்தில் ஒரே மேசையைச் சுற்றி இருபது பேர் உட்கார முடியாது. ஆனால் அந்தப் பூட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி விழவில்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு நாளிதழ் போனது. செய்தி தொலைக்காட்சியில் ஓடியது, கொஞ்ச நாளில் டீக்கடையும் திறந்தது. பெண்களுக்கு அந்த ஐம்பது நிமிடம் போனது. அதற்கு மாற்று எங்கும் இல்லை. போதாததற்கு வீட்டில் எல்லோரும் நாள் முழுக்க இருந்தார்கள். மூன்று வேளைச் சமையல் ஐந்து வேளையானது. அந்த மாதங்களில்தான் தேசிய மகளிர் ஆணையத்துக்குக் குடும்ப வன்முறைப் புகார்கள் கூடின.

எது முதலில் திறந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். மே 7 அன்று சென்னைக்கு வெளியே டாஸ்மாக் கடைகள் திறந்தன. உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்ததும் மே 16இல் மீண்டும் திறந்தன. வட்டம் போட்டு, பந்தல் கட்டி, காவலர் நிற்க, இடைவெளி விட்டு வரிசை நின்றது. நூலகம் திறக்கச் செப்டம்பர் ஆனது. வட்டம் போட்டு இடைவெளி விட்டு ஒருவரை நிற்க வைத்து, ஜன்னல் வழியாக இரண்டு புத்தகம் கொடுப்பது அதைவிடக் கடினமான வேலையா என்ன? வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. 1948இல் போட்ட சட்டத்தின்படி வாங்குகிறார்கள். பூட்டியிருந்த மாதங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டினோம்.

எங்கள் நூலகரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மூடிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் அவர் கட்டடத்தைத் திறந்து பார்ப்பார். கரையான் ஏறியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “காணாமப் போனா நான்தான் காசு கட்டணும். கரையான் தின்னா யாரு கட்டுறது?” என்பார். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒயர் கூடை. மேலே கத்தரிக்காய், முருங்கைக்காய். அடியில் ஒரு மஞ்சள் பையில் சுற்றி நான்கு புத்தகங்கள்.

“நாலு தெருவுக்குப் போகணும். நீ ரெண்டு எடுத்துக்க. படிச்சிட்டு மூணு நாள் வெயில்ல வச்சிரு, அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்.”

“போலீஸ் நிறுத்தலையாக்கா?”

“காய் வாங்கிட்டுப் போற பொம்பளைய யாரு நிறுத்துவா?”

அது உண்மை. காய்கறியோடு போகிற பெண் அத்தியாவசியம். புத்தகத்தோடு போகிற பெண்ணுக்கு அனுமதிச் சீட்டில் இடமில்லை. மேலதிகாரி யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, தெரிந்திருந்தால் தடுத்திருப்பார்கள். சானிடைசர் பட்டு நூலக முத்திரையின் ஊதா மை கரைந்த பக்கங்களோடு அந்தப் புத்தகங்கள் வீடு வீடாகச் சுற்றின. அதிகம் கேட்டது ரமணிசந்திரன். அடுத்தது சமையல் புத்தகமாக இருக்கும் என்று நினைத்தேன். “அதை யாரு கேக்குறா? நாள் பூரா அதானே செய்யுறாளுங்க” என்றார் அக்கா. ராஜேஷ்குமார்தான் அடுத்தது.

புத்தகம் வாசலுக்கு வருவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பியது. அதை நடத்தியவர் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர். தொடங்கி வைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். வண்டி கிராமம் கிராமமாகப் போனதை நூலக வரலாறு பெருமையோடு சொல்கிறது, சொல்லவும் வேண்டும். ஒயர் கூடை அந்த வரலாற்றில் வராது. ஊர்ப்புற நூலகர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். அக்காவின் சம்பளத்தில் பெட்ரோல் போட முடியாது, நடந்தே போனார். இதைத் தொண்டு, தாயுள்ளம் என்று ஊரில் புகழ்ந்தார்கள். ஒரு பெண் செய்யும் வேலைக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டால் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாசலுக்கு வந்தது புத்தகம்தான், நூலகம் அல்ல. தெற்குத் தெருவில் ஒரு பெண் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் உட்காராத எங்கள் நூலகத்தில் விதிவிலக்காக அவளுக்கு மட்டும் ஒரு நாற்காலி இருந்தது; அலமாரிக்குப் பின்னால், அக்காவின் மேசையை ஒட்டி. காலை பத்திலிருந்து ஒன்று வரை அவள் அங்கே இருப்பாள். தேர்வுப் புத்தகங்களை அக்கா அவள் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுத்தார். ஆனால் ஒற்றை அறை வீட்டில் அப்பா, அண்ணன், அண்ணி, இரண்டு குழந்தைகள். அவள் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் யாருக்காவது தண்ணீர் தேவைப்பட்டது. கல்யாணத்துக்கு ஐம்பது பேர் போதும் என்ற விதி வந்தபோது செலவு குறைந்தது என்று பல வீடுகளில் அவசரமாக முடித்தார்கள். அவள் வீட்டிலும் ஆவணியில் முடித்தார்கள். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வு அதற்குப் பிறகு 2022 ஜூலையில்தான் நடந்தது. அதுவரை காத்திருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு நாற்காலியாவது வேண்டியிருந்தது. புத்தகங்களைத் திருப்பித் தரும்போது ஒவ்வொன்றுக்கும் பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டிருந்தாள். அக்கா அதைக் கிழிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்தார்.

செப்டம்பரில் கதவு திறந்தபோது வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது. மருத்துவக் காரணம் புரிகிறது. ஆனால் குழந்தைக்கு அனுமதியில்லை என்றால் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவளுக்கும் அனுமதியில்லை என்றுதான் பொருள். பள்ளி திறக்கவில்லை. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு அவள் வருவாள்? மேசையைச் சுற்றி ஆண்கள் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். கூடை நிற்கவில்லை.

பெருந்தொற்று அடங்கிய பிறகு, நூலகத்துக்கு வர முடியாதவர்கள் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் நூல் கொண்டு செல்லும் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தை அரசு கொண்டுவந்தது. நல்ல திட்டம். ஆனால் வர முடியாதவர்கள் யார் என்று கேட்கும்போது, உடம்பால் முடியாதவர்களோடு வீட்டால் முடியாதவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தூக்கிச் செல்பவருக்குக் கூலி வேண்டும். கட்டடத்தில் கழிப்பறை வேண்டும், பெண்களுக்கு ஒரு மேசை வேண்டும். அடுத்த முறை ஊரை மூட நேர்ந்தால், முதல் வாரத்திலேயே நூலக ஜன்னலுக்கு வெளியே வட்டம் போட வேண்டும்.

அந்த ஆறு மாதத்துக்கு எங்கள் நூலகத்தின் வழங்கல் பதிவேட்டில் ஒரு பதிவும் இல்லை. அக்காவிடம் எண்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. பெயர் எழுதினால் யாருக்காவது வம்பு வரலாம் என்று அடையாளம் மட்டும் எழுதியிருக்கிறார்: வேப்பமரத்து வீடு, 2. மில் பின்பக்கம், மாடி, 1. நீலக் கதவு, 2, பின்வாசலில் கொடுக்கணும்.