செல்ஃப் எடுக்கல சார்!

டிஸ்கி முதல்லயே போட்டுடறேன். நான் மெக்கானிக் கிடையாது. பகல் முழுக்க அடுத்தவங்க கம்பெனி கணக்கை எழுதற ஆள். ஆனா ஒரு பேட்டரி வாங்கறதுக்காக ரெண்டு வாரம் அலைஞ்சதுல கொஞ்சம் விஷயம் சேர்ந்து போச்சு. கார் வச்சிருக்கற யாருக்காவது உதவும்னுதான் இந்தப் பதிவு. ரெண்டு சக்கரம் மட்டும் வச்சிருக்கறவங்களும் படிக்கலாம், ரசாயனம் ஒண்ணுதான் :-)

"ஒரு பேட்டரிக்கு ரெண்டு வாரமா?"ன்னு கேட்கறது புரியுது. எங்க வீட்டுல அப்பாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறு மணி ஷிஃப்ட். அம்பத்தூர்ல இருந்து வடபழனி போகணும், அஞ்சு மணிக்கு வண்டி தெருவுல நிக்கணும். அந்த நேரத்துல செல்போன்ல டாக்ஸி கூப்பிட்டா வர்றேன்னு சொல்லிட்டு கேன்சல் பண்றவங்கதான் ஜாஸ்தி. ஒரு ஷிஃப்ட் தவறினா உடம்புல நீர் ஏறும், பொட்டாசியம் ஏறும், அது இதயத்துல போய் நிக்கும். அதனால எங்க வீட்டைப் பொறுத்தவரை அந்தப் பழைய மாருதி ஒரு கார் இல்லை, டயாலிசிஸ் மெஷினோட அஞ்சாவது சக்கரம்.

2025 கார்த்திகை மாசம், நல்ல மழை. சாவியைத் திருப்பினா 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கல. கீழ்வீட்டு ஆட்டோக்காரர் லுங்கியோட எழுந்து வந்து வண்டி எடுத்தார். அன்னைக்கு அரைமணி லேட்டோட தப்பிச்சோம். அப்பா ஒண்ணும் சொல்லல. புதன்கிழமைக்கு மட்டும் நாலரைக்கே சட்டை போட்டுக்கிட்டு கட்டில்ல உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் இந்த விஷயத்தை முழுசா பார்த்துடறதுன்னு இறங்கினேன்.

முதல் கடை வீட்டுப் பக்கத்துலயே. கடைக்காரர் பானெட்டைத் திறந்தார், பேட்டரி மேல இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார், "நாலு வருஷம் ஆச்சு சார், போயிடுச்சு. புதுசு போட்டுடலாமா?"ன்னார். மொத்தம் ஒரு நிமிஷம். மீட்டர் வைக்கலியான்னு கேட்டேன். "அனுபவம் சார்"னு சிரிச்சார். அனுபவம் பெரிய விஷயம்தான், ஆனா எனக்கு வோல்ட் கணக்கு வேணும்னு கிளம்பிட்டேன்.

அடுத்து போனது எஸ்டேட் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட. அறுபது வயசுக்கு மேல இருக்கும். அவர் கையில எடுத்த முதல் சாமான் மல்டிமீட்டர். "தம்பி, பேட்டரியைக் கேட்டா அது பொய் சொல்லாது. கேட்கத் தெரியணும்"னு ஆரம்பிச்சார். அவர் சொல்லிக் கொடுத்ததுதான் இந்தப் பதிவோட பாதி.

கார் பேட்டரிக்குள்ள ஆறு செல். ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட். ஆக, முழு சார்ஜ்ல இருக்கற நல்ல பேட்டரி 12.6 காட்டணும். 12.4 இருந்தா முக்கால், 12.2 இருந்தா பாதி. 12-க்குக் கீழே போனா கிட்டத்தட்ட காலி. இதை வண்டி சில மணிநேரம் சும்மா நின்ன பிறகு பார்க்கணும், ஓட்டிட்டு வந்த உடனே பார்த்தா சும்மா ஜாஸ்தியா காட்டும். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணி அதே ரெண்டு முனையில திரும்ப மீட்டர் வைக்கணும். இப்ப 13.8-ல இருந்து 14.4 வரைக்கும் எங்கயாவது நிக்கணும். நின்னா டைனமோ சார்ஜ் பண்ணுதுன்னு அர்த்தம். (ஆல்டர்னேட்டர்னுதான் சொல்லணும். ஆனா நம்ம ஊர் மெக்கானிக் அத்தனை பேருக்கும் அது டைனமோதான்.)

எங்க வண்டியை ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணிட்டுப் பார்த்தார். 12.1. ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் 12.1. கொஞ்ச நேரத்துல 12.0.

"பாத்தியா தம்பி, டைனமோ சுத்துது, ஆனா சம்பாதிக்கல"ன்னார்.

டேஷ்போர்டுல சிவப்பா பேட்டரி படம் போட்ட லைட்டு எரியவே இல்லையே அண்ணேன்னு கேட்டேன். "அது எரியாததுதான் பிரச்சனை"ன்னார். இந்த மாதிரிப் பழைய வண்டிகள்ல சாவி போட்டதும் அந்த லைட் எரியணும், இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் அணையணும். டைனமோவுக்குள்ள கார்பன் பிரஷ் முழுசா தேய்ஞ்சு தொடர்பு விட்டுப் போனா, சாவி போடறப்பவே அது எரியாது. நாம எரியுதான்னு மட்டும்தான் பார்க்கறோம், எரியாததை யாரு பார்க்கறா!

பிரஷ் மாத்தினார். சில நூறு ரூபாய் வேலை. ஸ்டார்ட் பண்ணினா 14.1. முதல் கடையில சொன்ன மாதிரி புது பேட்டரி மட்டும் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? அதுவும் சில நாள்ல காலியாகி, மறுபடி ஏதோ ஒரு விடிகாலை 'டிக்'. அப்ப "கம்பெனி பேட்டரி சரியில்லை சார்"னு பழி போய் பிராண்ட் மேல விழுந்திருக்கும்.

பழைய பேட்டரியும் தப்பிக்கல. ராத்திரி முழுக்க மெதுவா சார்ஜ் ஏத்திட்டு ஹைட்ரோமீட்டர் வச்சுப் பார்த்தார். அஞ்சு செல்லுல அடர்த்தி 1.250 பக்கம், ஒண்ணுல மட்டும் 1.150. லோடு கொடுத்தா 9 வோல்ட்டுக்குக் கீழே இறங்குது. காலியாவே பல நாள் கிடந்தா தகடு மேல ஈய சல்ஃபேட் கல்லா இறுகிடும், அப்புறம் சார்ஜ் ஏறாது. ஆக புதுசு வாங்கித்தான் ஆகணும். ஆனா இப்ப காரணம் தெரிஞ்சு வாங்கறேன்.

இனிமே பிராண்ட் கதை. எக்ஸைடு, அமரான், டாடா கிரீன், எஸ்எஃப் சோனிக்... நண்பர்கள்கிட்ட கேட்டா ரஜினி கமல் சண்டை மாதிரி ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கறாங்க. எஸ்எஃப் சோனிக் எக்ஸைடு கம்பெனியோடதுதான், அமரான் நம்ம திருப்பதிக்காரங்க, எக்ஸைடுக்கு ஓசூர்ல ஃபேக்டரி இருக்கு. இதுல பலதும் பக்கத்து ஊர் சரக்குதான். பெரிய கம்பெனிகளுக்குள்ள வித்தியாசத்தைவிட, ஒரே கம்பெனி பேட்டரி ரெண்டு கடையில இருக்கற வித்தியாசம் பெருசுன்னுதான் எனக்குத் தோணுது. ஏன்னா பேட்டரி அரிசி மூட்டை இல்லை, ஊறுகாயும் இல்லை. அலமாரியில சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்கும். வெயில்ல இருந்தா வேகமா இறங்கும். ஒரு கடையில வாசல்ல வெயில் படற மாதிரி அடுக்கி வச்சிருந்தாங்க. தயாரிப்புத் தேதி எங்கன்னு கேட்டேன். குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி வேறயா இருக்கும், கடைக்காரரே படிச்சுக் காட்டணும். அவர் "எல்லாம் ஃப்ரெஷ் சார்"னு மட்டும் சொன்னார். இட்லி மாவா அது! மூணு மாசத்துக்கு மேற்பட்டதுன்னா வேற எடுத்துக் கொடுங்கன்னு கேட்கறதுல தப்பே இல்லை.

வெயில்னதும் இன்னொண்ணு. கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ்னு ஒரு எண் பெருசா போட்டிருப்பாங்க. அது மைனஸ் 18 டிகிரி குளிர்ல பேட்டரி எவ்வளவு கரெண்ட் கொடுக்கும்னு பார்க்கற அளவு. மைனஸ் 18 நம்ம ஊர்ல ஐஸ்கிரீம் வண்டிக்குள்ளதான் உண்டு. சென்னையில பேட்டரியைக் கொல்றது சூடு. சராசரி வெப்பம் பத்து டிகிரி கூடினா ஆயுள் தோராயமா பாதியாகும்பாங்க. கத்திரியில வாங்குன அடிதான் கார்த்திகையில தெரியுது. இன்ஜின் பக்கத்துல பேட்டரிக்குத் தடுப்போ உறையோ கம்பெனி வச்சிருந்தா அதைக் கழட்டிப் போட விடாதீங்க.

வாரண்டிதான் நான் ரொம்ப ரசிச்ச இடம், தொழில் புத்தி :-) "48 மாசம் வாரண்டி"ன்னு பெருசா இருக்கும். கீழே சின்னதா 24+24. முதல் 24 மாசம் போச்சுன்னா இலவசமா மாத்தித் தருவாங்க. அடுத்த 24 மாசத்துக்கு புதுசு வாங்கும்போது ஒரு தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி பெரும்பாலும் எம்ஆர்பி மேலதான். ஆனா கடையில யாரும் எம்ஆர்பி கொடுத்து வாங்கறது இல்லையே! எம்ஆர்பி 5,000, கடை விலை 4,200-னு வச்சுக்குங்க. 20 சதவீதம் தள்ளுபடின்னா 4,000. உங்களுக்கு நிஜமா மிச்சம் 200 ரூபாய். ஆக, ரெண்டு பேட்டரியை ஒப்பிடும்போது கூட்டல் குறிக்கு இடது பக்கம் இருக்கற எண்ணை மட்டும் பாருங்க. இலவசமா மாத்தின பேட்டரிக்கும் வாரண்டி பழைய தேதியிலிருந்துதான் ஓடும், புதுசா தொடங்காது. கார்டுல வண்டி நம்பர், சீரியல் நம்பர், கடை சீல் மூணும் அன்னைக்கே வாங்கிடணும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து பேட்டரிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆகிடுச்சு, பழைய விலைப்பட்டியலை நீட்டினா சிரிச்சுட்டு பில்லைப் பாருங்க.

கடைசியில வாங்கினது எஸ்டேட் ரோட்டுலயே ஒரு சின்னக் கடையில. பிராண்ட் என்னன்னு சொல்லப் போறதில்லை, சொன்னா கட்சி சண்டை. தேதி கேட்டதும் டார்ச் அடிச்சுப் படிச்சுக் காட்டினார், ஒண்ணரை மாசம். போடறதுக்கு முன்னாடி பேட்டரியில மீட்டர் வச்சார், போட்டப்புறம் நான் கேட்காமலே வண்டியை ஓட விட்டு சார்ஜிங்கும் பார்த்தார். 35 ஆம்பியர் அவர், எங்க வண்டிக்கு அதுவே போதும். மாடல் எண் கடைசியில எல், ஆர்னு ஒரு எழுத்து இருக்கும், பிளஸ் முனை எந்தப் பக்கம்னு சொல்றது. மாத்தி வாங்கினா கேபிள் எட்டாது. பழசைக் கொடுத்ததுக்குக் கழிச்சது போக நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சது.

பழசைக் கடையிலயே கொடுங்க. பேட்டரி எடையில பாதிக்கு மேல ஈயம், காசுக்காக அதை சந்துல உருக்கறவங்க இருக்காங்க, அந்தப் புகை குழந்தைங்க மூளையைக் கெடுக்கும். திரும்ப வாங்கிக்கணும்னு 2001-லயே விதி வந்தது, 2022-ல புது விதியா தயாரிப்பாளர் தலையிலயே பொறுப்பை வச்சிருக்காங்க.

மத்த பார்ட்ஸுக்கு வருவோம். டைனமோ பெல்ட்டும் வெடிப்பு விட்டிருந்தது. அதுக்கு ஜிபி ரோடு போனேன். அண்ணா சாலையில இருந்து ராயப்பேட்டை பக்கம் போற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கார் சாமான்னா சென்னைக்காரன் கால் தானா போற இடம். அங்க போறதுக்கு ஒரே தந்திரம், பழைய சாமானைக் கையோட எடுத்துட்டுப் போறது. "மாருதி பெல்ட்"னு வாயால கேட்டா பத்து விதம் காட்டுவாங்க. பழசு மேல இருக்கற எண்ணைக் காட்டினா ஒண்ணுதான் வரும். ஹோலோகிராம், எம்ஆர்பி ஸ்டிக்கர், பில். பில்லுக்கு இழுத்தா நகர்ந்துடுங்க. லூகாஸ் டிவிஎஸ்ஸும் பிரேக்ஸ் இந்தியாவும் பாடியில இருக்கற ஊர்ல போலி பிரேக் பேடு வாங்கி மாட்டறது நமக்கே அவமானம்.

புதுப்பேட்டைக்கும் ஒரு நடை. (2006-ல வந்த தனுஷ் படம் இல்லை, நிஜ புதுப்பேட்டை.) கூவம் ஓரம், பிரிச்சுப் போட்ட வண்டிகளோட கதவும் பம்பரும் மலையா குவிஞ்சிருக்கும். சைடு மிரர், கதவுக் கைப்பிடி, ஹெட்லைட் கூடு மாதிரி கண்ணால பார்த்தே நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியற சாமானுக்கு எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அப்பா பக்கத்துக் கதவுக் கைப்பிடி உடைஞ்சு மாசக்கணக்குல உள்ளே இருந்துதான் திறந்துவிட்டுக்கிட்டு இருந்தோம், அது அங்க கிடைச்சது. ஆனா ரப்பர், பிரேக், பேட்டரி மூணும் செகண்ட் ஹேண்ட்ல எங்கயுமே வேண்டாம். ரீகண்டிஷன் பேட்டரின்னு பெயின்ட் அடிச்சு நிக்கறதை வெளியே இருந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் கடைசியா ஒரு வேலை பண்ணினார். எல்லாத்தையும் அணைச்சுட்டு மைனஸ் கேபிளைக் கழட்டி, நடுவுல மீட்டர் வச்சுப் பார்த்தார். 90 மில்லி ஆம்பியர். 50-க்கு மேல போனாலே சந்தேகப்படணுமாம். தேடிப் பார்த்தா பின்னாடி மாட்டின மியூசிக் சிஸ்டம் சாவி எடுத்தப்புறமும் தின்னுக்கிட்டு இருக்கு. கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 2 ஆம்பியர் அவருக்கு மேல. எட்டு நாள் வண்டி எடுக்காம விட்டா 35-ல பாதி காலி. இணைப்பை மாத்திக் கொடுத்தார், இப்ப 20. அப்பாவுக்கு அந்த சிஸ்டத்துல காலையில டி.எம்.எஸ் கேட்கணும், அதனால கழட்டிப் போடற பேச்சே இல்லை.

பி.கு: ஜம்பர் கேபிள் ஒரு செட் டிக்கியில போட்டு வச்சுக்குங்க. சிவப்பு ஒரு முனை செத்த பேட்டரி பிளஸ்ல, மறுமுனை நல்ல பேட்டரி பிளஸ்ல. கறுப்பு நல்ல பேட்டரி மைனஸ்ல, அதோட மறுமுனையைச் செத்த பேட்டரியில மாட்டாம இன்ஜின்ல பெயின்ட் இல்லாத ஒரு இரும்புல. பேட்டரி மேல ஹைட்ரஜன் இருக்கும், பொறி அங்க பறக்கக் கூடாது. கழட்டும்போது இதே வரிசையைத் தலைகீழா.