சிங்கலீலா: அவசரத்துக்கு எட்டாத மலை

டார்ஜிலிங் மலைமுகட்டில், விடுதி விட்டு விடுதி நடக்கும் ஆறு நாள் பாதை. எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, எந்த இரவு எந்த உயரத்தில் என்பதுதான் இங்கே முக்கியம்.

மானேபஞ்சாங் கடைத்தெருவில் காலை ஏழு மணிக்கு இரண்டு வகைப் பயணிகளைப் பார்க்கலாம். ஒரு வகையினர் ஜீப்பில் ஏறுகிறார்கள். பழைய லேண்ட் ரோவர்களுக்குப் பெயர்போன ஊர் இது. 31 கி.மீ. தூரத்தைக் குலுங்கிக் குலுங்கிக் கடந்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் சந்தக்புவில் இறங்கிவிடலாம். இன்னொரு வகையினர் முதுகில் பையை மாட்டிக்கொண்டு அதே சந்தக்புவுக்கு நடக்கிறார்கள். மூன்றாம் நாள் பகலில்தான் போய்ச் சேர்வார்கள். இரு தரப்பும் பார்க்கப் போவது ஒரே காட்சியைத்தான். ஆனால் அங்கே முதல் இரவு நிம்மதியாகத் தூங்கும் வாய்ப்பு, நடந்து வந்தவருக்கே அதிகம்.

மேற்கு வங்கத்துக்கும் நேபாளத்துக்கும் இடையே எல்லைக்கோடாக வடக்கு நோக்கி ஓடி, சிக்கிமைத் தொடும் மலைமுகடு சிங்கலீலா. அதில் 3,636 மீட்டர் (11,929 அடி) உயரத்தில் இருக்கும் சந்தக்பு, மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம். வானம் தெளிந்தால் உலகின் ஐந்து உயரமான சிகரங்களில் நான்கை இங்கிருந்தே பார்த்துவிடலாம்: எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு. கஞ்சன்ஜங்காவும் அதன் அண்டைச் சிகரங்களும் சேர்ந்து ஒருவர் மல்லாந்து படுத்திருப்பது போலத் தெரியும். உள்ளூர்க்காரர்கள் அதை ‘உறங்கும் புத்தர்’ என்கிறார்கள்.

டிரெக்கிங் செய்பவர்கள் இதை நடுத்தரக் கடினப் பாதை என்று வகைப்படுத்துகிறார்கள். கயிறு வேண்டாம், பனிக்கோடாரி வேண்டாம், கூடாரமும் தேவையில்லை. ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் ஏழெட்டு கி.மீ. நடந்து, சுமையோடு மாடிப்படி ஏறி இறங்கிப் பழகிய ஐம்பது வயதுக்காரரும் முடித்துவிடலாம். இந்தச் சுலபம்தான் ஆபத்தும். ‘சுலபமான பாதைதானே, ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாமே’ என்று தோன்றும்.

மிச்சம் பிடிக்கும் அந்த நாளுக்கு உடம்பு கணக்குக் கேட்கும். சந்தக்பு உயரத்தில், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். சமவெளியில் இருக்கும் நியூ ஜல்பைகுரியில் காலையில் ரயிலைவிட்டு இறங்கி, ஜீப் மாறி, மாலையில் சந்தக்புவில் நிற்பவர் ஒரே பகலில் மூன்றரைக் கிலோமீட்டர் உயரம் ஏறியிருக்கிறார். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் தொல்லை, நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால் உயிரையே பறிக்கும். அண்மை ஆண்டுகளில் சந்தக்பு சென்ற சுற்றுலாப் பயணிகள் சிலர் மூச்சுத்திணறி இறந்திருக்கிறார்கள். அங்கே மருத்துவமனை கிடையாது. கீழே இறங்குவதுதான் முதல் மருந்து.

மருத்துவர்கள் சொல்லும் விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கக்கூடாது. சிங்கலீலாவின் தங்குமிடங்கள் இந்த விதிக்கு அளந்து வைத்தது போலப் பொருந்துகின்றன.

டார்ஜிலிங்கிலோ மானேபஞ்சாங்கிலோ, சுமார் 2,000 மீட்டரில் ஒரு இரவு தங்கிவிட்டு நடையைத் தொடங்குவது நல்லது. முதல் நாள் 11 கி.மீ. எடுத்த எடுப்பிலேயே சித்ரே மடாலயம் வரை மூன்று கி.மீ. செங்குத்து ஏற்றம். பிறகு மேக்மா. பெயரிலேயே மேகம் இருக்கிறது; ஊரும் பெரும்பாலும் மேகத்துக்குள்தான் இருக்கும். இரவு தும்லிங்கில் (2,970 மீ.) அல்லது தோங்லுவில் (3,070 மீ.). இரண்டாம் நாள், கைரிபாஸ் வரை 350 மீட்டருக்கு மேல் இறங்கி, இழந்த உயரத்தை மறுபடி ஏறி காலிபோக்ரி (3,186 மீ.) சேரவேண்டும். பௌத்தர்கள் புனிதமாகக் கருதும் கரிய நீர்க்குளம் அங்கே இருக்கிறது. மூன்றாம் நாள் ஆறே கி.மீ. காலிபோக்ரியில் நிற்காமல் இரண்டாம் நாளே சந்தக்புவைத் தொட்டுவிடத் துடிப்பவர்கள் இந்தத் தூரத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். ஆனால் அந்த ஆறு கி.மீ.க்குள் 450 மீட்டர் ஏற்றம் இருக்கிறது. பிக்கேபஞ்சாங்குக்குப் பிறகு பாதை வளைந்து வளைந்து மூச்சை வாங்கும்.

சந்தக்புவில்தான் முடிவெடுக்க வேண்டும். வடக்கே பலுட் 21 கி.மீ. மரங்கள் குறைந்து, புல்வெளி விரிய, சிகரங்கள் கூடவே நடந்துவரும் இந்தப் பகுதிதான் பயணத்தின் உச்சம் என்பார்கள் போய்வந்தவர்கள். ஆனால் வழியில் ஊர் கிடையாது, தண்ணீரும் அரிது. முந்தைய இரவு தலைவலியால் தூங்காதவர் இந்த வழியில் காலெடுத்து வைக்கக்கூடாது. அவருக்கான பாதை கிழக்கே இருக்கிறது. மூங்கில் காட்டினூடே குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு இறங்கினால், ஒரே பகலில் 1,500 மீட்டருக்கு மேல் உயரம் குறையும். தெம்பாக இருப்பவர்கள் பலுட்டில் ஒரு இரவு தங்கி, மறுநாள் 15 கி.மீ. இறங்கி, சிக்கிம் எல்லையில் ஓடைக்கரையில் இருக்கும் கோர்க்கே கிராமத்துக்குப் போகலாம். ஆறாம் நாள் ரம்மாம் வழியாக ஸ்ரீகோலா. அங்கிருந்து ரிம்பிக் வழியே ஜீப்பில் டார்ஜிலிங் திரும்பலாம். இறக்கத்தில் முழங்கால்தான் முதலில் முறையிடும். ஒரு மூங்கில் கழி பெரிய உதவி.

தங்குமிடங்கள் இரண்டு வகை. டிரெக்கர்ஸ் ஹட் எனப்படும் அரசுக் குடில்கள் ஒன்று. ஊர்க்காரர்கள் நடத்தும் சிறு விடுதிகள் மற்றொன்று. மரப்பலகைச் சுவர், கனத்த ரஜாய், அடுப்படியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சோறும் பருப்பும். புளிக்கவைத்த கேழ்வரகில் வெந்நீர் ஊற்றி மூங்கில் குழலால் உறிஞ்சும் ‘தொங்பா’வும் கிடைக்கும். நம் கேழ்வரகுதானே என்று ஆசைப்படலாம். ஆனால் இந்த உயரத்தில் மதுவைத் தவிர்ப்பதே நல்லது. அக்டோபரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் படுக்கை கிடைப்பது கடினம். சந்தக்பு, பலுட் இரண்டுக்கும் முன்பதிவு செய்யாமல் கிளம்பக்கூடாது.

சிகரம் பார்க்க வேண்டும் என்றால் அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும். பூக்கள் வேண்டும் என்றால் ஏப்ரலும் மே முதல் பாதியும். நீலகிரியில் காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரானின் இமயமலை உறவுகள் அப்போது சிவப்பும் வெள்ளையுமாகக் காட்டையே நிறைக்கும். தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1848-இல் தோங்லு ஏறியதும் இந்தத் தாவரச் செல்வத்தைத் தேடித்தான். 1992-இல் தேசியப் பூங்காவான இந்தக் காட்டில் சிவப்புப் பாண்டா வாழ்கிறது. டார்ஜிலிங் விலங்குப் பூங்காவில் வளர்ந்த இரண்டு பெண் பாண்டாக்கள் 2003-இல் இங்கே விடப்பட்டன. பாண்டாவைப் பார்ப்பது அபூர்வம். அது நம்மைப் பார்த்திருக்கும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மழைக்காக பூங்கா மூடப்படும்.

பதிவு செய்த வழிகாட்டி கட்டாயம். பாதை நேபாளத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வருவதால், எல்லைக் காவலர்களிடம் காட்ட வாக்காளர் அட்டை போன்ற அடையாள அட்டை வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால், கிளம்பும் முன் மானேபஞ்சாங்கில் விசாரித்துக்கொள்வது நல்லது.

மண்ணும் கல்லுமாக இருந்த ஜீப் பாதையில் பெரும்பகுதி இப்போது கான்கிரீட். வண்டி விரைவாகப் போகிறது. அதில் போகிறவர் தும்லிங்கிலோ காலிபோக்ரியிலோ ஒரு தேநீரோடு கடந்துவிடுகிறார். நடப்பவர் அங்கெல்லாம் இரவு தங்குகிறார், சாப்பிடுகிறார், காசு கொடுக்கிறார். நடுவழி விடுதிகளை வாழவைப்பவர் அவர். பதிலுக்கு அந்த விடுதிகள் அவர் உடம்புக்கு உயரத்தைப் பழக்கி அனுப்புகின்றன.

ஆகவே ஆறு நாள் பயணத்துக்கு ஏழு நாள் விடுப்பு எடுப்பதே புத்திசாலித்தனம். தலை வலித்தால் அந்த ஏழாவது நாளில் ஓய்வெடுக்கலாம். வலிக்காவிட்டால், மூடுபனி விலகும்வரை சந்தக்புவில் இன்னொரு விடியலுக்குக் காத்திருக்கலாம்.