கே.டி.எம். என்றால் என்ன சார்?

நந்தனம் சிக்னலில் இறங்கி வெங்கட்நாராயணா ரோட்டில் திருப்பதி தேவஸ்தானத்தைத் தாண்டி நடந்தால் தி.நகர் நகைக் கடைகள் வந்துவிடும். இது வசதியா, சாபமா என்பது வீட்டில் எத்தனை கல்யாணம் பாக்கி என்பதைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் ஒன்று பாக்கி. தங்கைக்கு.

அம்மா பீரோவிலிருந்து பழைய வளையல் ரெண்டையும், கூடவே பத்திரமாக மடித்து வைத்த பில்லையும் எடுத்தாள். பில்லில் கொட்டை எழுத்தில் '916 கே.டி.எம்.'

"கே.டி.எம்.னா என்னம்மா?"

"சுத்தத் தங்கம்னு அர்த்தம்டா. இது கூடத் தெரியாதா?"

அப்பா, "அது கம்பெனி பேரு" என்றார். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன், "பைக் சார், ரெண்டே முக்கால் லட்சம்!" என்று கண்கள் மின்னச் சொன்னான். மூன்று பேருமே அவுட்.

கே.டி.எம். என்பது காட்மியம். அசல் விஷம்!

விஷயம் இதுதான். நகையில் இரண்டு துண்டை ஒட்டவைக்க நடுவில் ஒரு பொடி வேண்டும். அது நகையைவிடச் சீக்கிரம் உருக வேண்டும். அந்தக் காலத்தில் செம்பும் வெள்ளியும் தாராளமாகக் கலந்த பொடி வைத்தார்கள். அதனால் நகையை உருக்கினால் மாற்று குறைந்துவிடும். மாமியார் வீட்டில் சண்டை வரும். காட்மியம் வந்ததும் 92 பங்கு தங்கத்துக்கு 8 பங்கு காட்மியம் போட்டுப் பற்றவைத்தார்கள். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். காட்மியமோ 321-லேயே உருகி, 767-ல் கொதித்து ஆவியாகிவிடும். மாற்று குறையாது. கடைக்காரருக்குச் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம்.

சரி, ஆவியான காட்மியம் எங்கே போகும்? பத்தரின் மூக்குக்குத்தான்.

எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வேலை செய்யும் பத்தர் ஒருவர் உண்டு. மாம்பலத்தில் எட்டுக்கு எட்டு ரூம். ஜன்னல் உண்டு, திறக்க மாட்டார். காற்று அடித்தால் சுடர் ஆடும், பொடி பறக்கும், பறப்பது தங்கமாச்சே! குனிந்து உட்கார்ந்து ஊதுகுழலால் ஊதுவார். ஊதி முடித்தால் மூச்சை உள்ளே இழுத்துத்தானே ஆகவேண்டும்? "சில ராத்திரி ஜுரம் மாதிரி இருக்கும் தம்பி. காலைல சரியாயிடும்" என்பார். காட்மியப் புகையின் குணமே அதுதான். இழுக்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து ஜுரம், இருமல், நெஞ்சடைப்பு. அளவு மிஞ்சினால் ஆளையே முடித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சிறுநீரகத்தில் போய்க் குடியேறும். வாடகைக்கு அல்ல, உள்ளே போனதில் பாதி வெளியேறவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். 1993-ல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் முதல் வரிசையில் சேர்த்தது.

ஜப்பானில் ஜின்சு ஆற்றோரத்தில் ஒரு சுரங்கத்தின் கழிவு வயலுக்குப் போய், அரிசிக்குப் போய், கிராமத்துப் பெண்களின் எலும்புகள் முறிய ஆரம்பித்தன. 'இதாய் இதாய்' என்று அந்த நோய்க்குப் பெயர். 'வலிக்குதே, வலிக்குதே' என்று அர்த்தம். காட்மியம்தான் காரணம் என்று 1968-ல் ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது.

தங்கத்துக்கு விஷத்தோடு சிநேகம் புதிதல்ல. மண்ணிலிருந்து பிரிக்கும்போதே சயனைடு வந்துவிடுகிறது. 1887-ல் கிளாஸ்கோவில் கண்டுபிடித்த முறை. பொடியாக்கிய பாறையில் சயனைடு கரைசலை ஊற்றிக் காற்றுப் பட வைத்தால் தங்கம் கரைந்து வரும். பிறகு துத்தநாகத் தூளைப் போட்டால் தங்கம் கீழே படியும். (அந்தத் துத்தநாகத்தின் தாதுவில் ஒட்டிக்கொண்டு வருகிறவர்தான் நம் காட்மியம்!) நம் வட ஆற்காட்டு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் உழைத்த கோலார் தங்கவயலில் இப்படித்தான் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போய்விட்டது, சக்கையைக் கொட்டிய சயனைடு மேடுகள் மட்டும் ஊருக்குள்ளேயே மலை மலையாக நிற்கின்றன.

போல்ட், நட்டு துருப்பிடிக்காமல் இருக்கக் காட்மிய முலாம் பூசுவார்கள். விமான பாகங்களுக்கு ரொம்பப் பிடித்த முலாம் அது. அந்தத் தொட்டியில் காட்மியமும் சயனைடும் ஜோடியாகவே இருக்கும். அந்தப் பக்கம் ஒரு சொட்டு ஆசிட் போனாலும் ஆபத்து. விஷவாயு கிளம்பும்.

இதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் உப்பு பாக்கெட்டைப் பார்த்தால் சிலதில் '536' என்று போட்டிருக்கும். பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு. பயப்படாதீர்கள். அதில் சயனைடை இரும்பு கெட்டியாகக் கட்டிப் பிடித்திருக்கிறது. நம் வயிற்றில் விடாது. உப்பு கட்டி தட்டாமல் இருக்கத் துளியூண்டு போட அனுமதி உண்டு. விஷத்துக்கு யார் துணை என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

நம் ஊர் ஹால்மார்க் 2000-ல் வந்தது. அதில் காட்மியத்துக்கு இடமில்லை. துத்தநாகம் போன்றவற்றை வைத்துப் பற்றவைக்கிறார்கள். 2021 ஜூனில் ஹால்மார்க்கைக் கட்டாயமாக்க ஆரம்பித்தார்கள். 2023 ஏப்ரலிலிருந்து ஆறு எழுத்து அடையாள எண் இல்லாமல் கடைக்காரர் புது நகை விற்கக் கூடாது. தங்கத்தின் சுத்தத்துக்கு இத்தனை காவல் இருக்கிறது, சந்தோஷம். பத்தரின் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கத்தான் யாரும் வரவில்லை.

போன மாசம் வளையலோடு போனபோது பத்தர் பலகையில் இல்லை. மகன்தான் வேலை செய்துகொண்டிருந்தான், ஜன்னலைத் திறந்து வைத்து. அப்பா ஓரமாக ஸ்டூலில், இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல். அவர் இருமலுக்குக் காட்மியம்தான் காரணம் என்று யாரும் எழுதித் தரவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் சிகரெட் புகையிலும் காட்மியம் உண்டு, புகைப்பவர் உடம்பில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு சேரும் என்று படித்ததைச் சொன்னேன்.

பத்தர் சிரித்தார். "டாக்டரும் அதான் கேட்டார் தம்பி, எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்கன்னு. நான் பீடியைக்கூடத் தொட்டதில்லைன்னேன். அவர் நம்பலை."