தம்பானையில் அம்புமுனை தேடி

புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் வேட்டையை வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தோம். கொல்லிமலைத் தலைவனாகிய ஓரி எய்த ஒரே கணை யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, ஈற்றிலே புற்றிலிருந்த உடும்பின் உடலிற் போய்த் தங்கிற்று என்பது அப்பாடல் தருஞ் செய்தி. பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அந்த அம்பின் முனை எப்படி இருந்திருக்கும்?” என்று வினவினான்.

வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. விடை தெரியாமையே அதற்குக் காரணம். கணை, பகழி, வாளி, சரம் என அம்பின் பெயர்களை அடுக்கிச் சொல்ல எமக்குத் தெரியும். இதிகாசங்களில் வரும் பிறைமுக பாணத்தைப் பற்றியும் ஒரு பாடவேளை முழுவதும் பேசிவிடலாம். ஆனால் மானுக்கு எவ்வகை இரும்பு, உடும்புக்கு எவ்வகை இரும்பு என்று எவரேனும் கேட்டால், இருபது ஆண்டுக் கற்பித்தல் எமக்கு ஓர் உதவியுஞ் செய்வதாயில்லை. வரலாறு கற்பிக்கும் நண்பரிடம் இதனைக் கூறியபோது, “தெரிந்தவர்களிடம் போய்க் கேட்பதுதானே முறை?” என்றார் அவர். அவ்வாறே ஆவணி விடுமுறையில் ஒருநாள் அதிகாலை மட்டக்களப்பிலிருந்து தம்பானைக்குப் புறப்பட்டோம். கல்லூரியின் காட்சிப்பேழைக்கு வேடர் அம்பொன்று வாங்கிவருவது என்பதும் எமது எண்ணம்.

செங்கலடியில் திரும்பி, கரடியனாற்றைக் கடந்து, மகா ஓயாவை அடையும்போது வெயில் ஏறிவிட்டது. அங்குள்ள வெந்நீர் ஊற்றுக்களைப் பார்க்க வேண்டும் என்று நண்பர் பிடிவாதஞ் செய்தார். அந்த வெயிலில் வெந்நீரைப் பார்ப்பதில் எமக்கு ஆர்வமில்லை. பதியத்தலாவையில் தேநீர் அருந்தி, மகியங்கனைத் தெருவில் மேற்கே சென்று, தம்பானைச் சந்தியில் உட்புறந் திரும்பினோம். வரட்சிக்காலமாதலால் காடு மண்ணிறமாகக் கிடந்தது. குளங்களிற் பாதி சேறாகிவிட்டிருந்தது.

வேடர் நம்மவருக்கு அந்நியரல்லர். கதிர்காமத்து வள்ளியம்மையைத் தம் குலமகளாகக் கொண்டாடுபவர்கள் அவர்கள். வாகரைப் பக்கத்திலும் மூதூர்ப் பக்கத்திலும் தமிழ் பேசும் வேடர் இன்றும் வாழ்கின்றனர். ஆயினும் தம்பானை என்றவுடன் எமது நினைவுக்கு முதலில் வந்தது வள்ளியம்மையின் கதையன்று. ஓர் ஆங்கிலேயக் கைதியின் நூலே வந்தது.

றொபேட் நொக்ஸ் என்பவர் 1660ஆம் ஆண்டிற் பிடிபட்டு, கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகள் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர். தப்பிச்சென்ற பின் 1681ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் வேடர் அம்புமுனை பெறும் முறையை விவரித்திருக்கின்றார். காட்டு வேடன் இரவிலே வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டுச் செல்வானாம். அதனருகே ஓர் இலையும் தொங்கும். தனக்கு வேண்டிய அம்பலகு எவ்வடிவினதோ அவ்வடிவில் நறுக்கப்பட்ட இலை அது. கொல்லன் அதன்படி செய்து வைத்தால் மேலும் இறைச்சி வந்து சேரும். செய்யாதுவிட்டால் ஓர் இரவில் இருளிலிருந்து அம்பு வரும்.

இதனை எத்தனை முறை வாசித்தாலும் எமக்கு அலுப்பதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. ஒருவர் மொழியை ஒருவர் பேசவில்லை. கடிதமும் கணக்கும் இல்லை. இரும்பின் நீளம், அகலம், நுனியின் ஒடுக்கம், அடிப்பக்கத்தின் வளைவு யாவும் ஓர் இலையில் அடங்கிவிடுகின்றன. எமது அலுவலகங்களில் ஒரு கதிரை வாங்குவதற்கு மூன்று படிவம் நிரப்ப வேண்டியிருப்பதை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை.

தம்பானையில் எம்மை முதலில் வரவேற்றவை சிறு கடைகள். தேன் போத்தல்கள், மரத்தாற் செய்த சிறு விலங்குகள், வர்ணம் பூசிய வில்லும் அம்பும் அங்கே வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பளபளவென்று மின்னிய முனையுடைய அம்பொன்றை எடுத்து, கல்லூரிக்கு இதுவே பொருத்தம் என்று தீர்மானித்துவிட்டோம். விலையும் பேசியாயிற்று. அப்பொழுது, அருகே மரநிழலில் தோளிற் கோடரியுடன் குந்தியிருந்த முதியவர் ஒருவர் சிரித்தார்.

நண்பர் சிங்களம் நன்கறிந்தவர். “சீயா, ஏன் சிரிக்கிறீர்கள்?” என்று கேட்டார். முதியவர் எழுந்து வந்து, வேடர் வழக்கப்படி எம் இரு முன்கைகளையும் தம் கைகளாற் பற்றி, “ஹொந்தமய்” என்றார். பிறகு எம்மை “ஹூரா” என விளித்தார். மைத்துனன் என்பது பொருளாம். மட்டக்களப்பிலே முன்பின் அறியாதவனையும் “மச்சான்” என்று அழைப்பதில்லையா? அதைக் கேட்டதும் எமக்குப் பாதித் தயக்கம் நீங்கிற்று. அவர் எம் கையிலிருந்த அம்பை வாங்கி, முனையைப் பெருவிரலால் அழுத்தினார். தகரம் வளைந்தது. “இது மானுக்கல்ல, ஹூராவுக்கு” என்றார். கடைக்காரப் பையனும் சேர்ந்து சிரித்தான். அவன் அவருடைய பேரன் என்பது பின்னர்தான் தெரிந்தது.

அவருடைய குடிசைக்குச் சென்றோம். கூரையிற் செருகியிருந்த துணிச்சுருளை எடுத்து விரித்தார். உள்ளே மூன்று அலகுகள். ஒன்று எம் சுட்டுவிரலளவு. மற்றொன்று ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மூன்றாவது ஏறத்தாழ ஓரடி நீளமானது. தீட்டித் தீட்டி விளிம்பு தேய்ந்தது. தகப்பனாருடைய தகப்பனாரிடமிருந்து வந்ததாம். மூன்றும் இலை வடிவந்தான். நொக்ஸின் நூலில் தொங்கிய இலை முந்நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் பின் இரும்பாக எம் முன்னே கிடந்தது.

அவர் சொன்னவற்றை, நண்பர் மொழிபெயர்த்தபடி தருகின்றோம்.

“மான் அம்பு பட்டவுடன் விழாது, ஓடும். விழுத்துவது அம்பின் அடியல்ல, வெளியேறும் இரத்தமே. ஆகவே விளிம்பு கத்திபோல் வெட்ட வேண்டும். ஒடுங்கிய முனை ஆழமாகப் போகும். ஆனால் தோல் மூடிக்கொள்ளும், நிலத்தில் இரத்தம் விழாது, சுவடு தவறிவிடும். அந்த மான் எங்கோ மூன்று நாட் கிடந்து சாகும். அதை உண்பது நரி. அகலம் கூடினாலும் ஆகாது. பன்றியின் தோளிலே தோல் பலகை போன்றது. அகன்ற அலகு அங்கே நின்றுவிடும். மரைக்கும் பன்றிக்கும் நுனி ஒடுங்கி, நடு அகன்று, கனமாக இருக்க வேண்டும். உடும்புக்கு இந்தச் சின்னது போதும். பெரியதால் எய்தால் இறைச்சி வீண்.”

“பெரிய அலகு கனம் அல்லவா? தூரம் போகாதே?” என்று கேட்டோம்.

“ஏன் தூரம் போக வேண்டும்? மான் கண் இமைப்பது தெரியுந் தூரத்துக்கு நாம் போகிறோம்” என்றார்.

வேடர் தொலைவில் எய்வதிற் பெருவல்லவர் அல்லர் என்றும், ஓசையின்றி அணுகுவதே அவர்தம் திறமை என்றும் பழைய ஆங்கில நூல்கள் சில குறையாகவே எழுதியிருக்கின்றன. கனமான அகன்ற அலகை மாட்டிக்கொண்டவன் நெருங்கத்தான் வேண்டும். நெருங்கத் தெரிந்தவன்தான் அத்தகைய அலகை மாட்டுவான். இரும்பு கிடைத்ததை மாட்டியதல்ல, நடைக்கேற்ப முனையைத் தெரிந்ததே அது என்பது அந்த முற்றத்திலிருந்தபோதுதான் எமக்கு விளங்கிற்று. மான் மூன்று நாட் கிடந்து சாகும் என்று அவர் சொன்ன குரலை, சைவ உணவினராகிய நாம் இன்னும் மறக்கவில்லை. கண்ணப்ப நாயனாரின் கதையைப் பலமுறை சொற்பொழிவாற்றிய எமக்கு, ஒரு வேடனுடைய இரக்கம் எங்கே இருக்குமென்பது அன்றுவரை தெரிந்திருக்கவில்லை.

முனையைத் தெரிந்தெடுக்கும் இக்கலை நம் தீவில் மிகப் பழையது. களுத்துறை மாவட்டத்துப் பாகியன்குகையிற் கிடைத்த 130 எலும்பு முனைகளை ஆராய்ந்தோர், அவற்றுட் பழையவை ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஈட்டிக்குப் போதாத அளவு சிறியவையாகவும், வேகமாக மோதிய சிதைவுடையவையாகவும் இருந்தமையால் அவை அம்புமுனைகள் என்பது அவர்கள் முடிவு. மரத்தில் வாழும் குரங்குக்கும் அணிலுக்கும் அவை போதும். காலஞ் செல்லச் செல்ல முனைகள் நீண்டன என்றும், மான், பன்றி போன்ற பெரிய விலங்குகளை நாடியமையே அதற்குக் காரணம் என்றும் அவர்கள் கருதுகின்றனர். முதியவர் துணியிலிருந்து எடுத்த சிறிதும் பெரிதும் அந்தக் கணக்கின்படியே இருந்தன.

“கடைசியாக எப்போது எய்தீர்கள்?” என்று நண்பர் கேட்டார்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. 1977ஆம் ஆண்டின் பின் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின்கீழ்ப் பெருங்காடு வயலாயிற்று. 1983ஆம் ஆண்டில் 58,000 எக்டேயருக்கு மேற்பட்ட நிலம் மாதுறு ஓயாத் தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காட்டினுள்ளே வில்லுடன் நுழைவது அன்றிலிருந்து குற்றம். பல குடும்பங்கள் எனானிகலைக் குடியேற்றத்துக்குப் போயின. முதுதலைவர் திசாஹாமியைச் சார்ந்த சில குடும்பங்கள் போக மறுத்துத் தம்பானையிலேயே தங்கின. திசாஹாமி 1998ஆம் ஆண்டிற் காலமானார். மிருகங்களுக்கு ஒரு புகலிடம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெருங்காட்டை அழித்தவை இயந்திரங்கள், தடுக்கப்பட்டதோ அம்பு. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்களே, அது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றது.

“காடு மூடிய வருஷத்துக்கு முந்திய வருஷம்” என்று முதியவர் ஈற்றிற் சொன்னார். ஆயினும் மாதம் ஒருமுறை மூன்றையும் எடுத்துக் கல்லிலே தீட்டுவாராம். பேரனும் அருகிலிருந்து தீட்டப் பழகுகின்றான். காலையில் தகர முனைகளை விற்பவன் மாலையில் இந்த இரும்பைத் தீட்டுகின்றான்.

அந்த நேரத்தில் நாம் செய்த ஒரு காரியத்தை மறைக்க விரும்பவில்லை. பெரிய அலகுக்கு விலை கேட்டோம். கடையம்பின் விலையைப்போற் பல மடங்கு தருவதாகவுஞ் சொன்னோம். மாணவர் காண்பார்கள், பாதுகாப்பாயிருக்கும் என்றெல்லாம் நியாயங் கூறினோம். வாசலில் நின்ற அவர் மனைவியார் கணவரின் முகத்தைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு அப்பணம் தேவையென்பது கூரையைப் பார்த்தாலே தெரிந்தது. முதியவர் அலகை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். நண்பர் எம்மை நோக்கி மெல்லிய குரலில், “நாம் கேட்டிருக்கக் கூடாது” என்றார். உண்மை. ஆனால் கேட்டாயிற்றே.

முதியவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் அகன்ற பச்சையிலை ஒன்றிருந்தது. அதை நடு அலகின்மேல் வைத்து, அந்த அலகின் விளிம்பினாலேயே சுற்றி நறுக்கினார். நறுக்கிய இலையை எம் கையில் தந்து, “ஹூராவின் ஊரிலே கொல்லன் இல்லையா?” என்று கேட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். நாம் கடையிலே இரண்டு போத்தல் தேன் வாங்கி, மீதிக் காசைப் பேரனிடம் வற்புறுத்திக் கொடுத்துவந்தோம். அதுவும் சரியோ பிழையோ தெரியவில்லை.

இலை வாடுமுன் அதன் உருவைக் கொப்பியில் வரைந்துகொண்டோம். எமது ஊர்க் கொல்லர் முதலில் நகைத்தார். பிறகு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய லொறியொன்றின் வில்லுத்தகட்டை உலையிலிட்டுக் காய்ச்சி, அடித்து, துவைச்சல் கொடுத்து, இரண்டு நாளில் இரண்டு அலகுகள் செய்து தந்தார். ஒன்று கல்லூரிக் காட்சிப்பேழையில் இருக்கின்றது. கேள்வி கேட்ட மாணவனே அதனருகே வைக்கும் குறிப்பை எழுதினான்.

மற்றதைச் சென்ற மாதம் மகியங்கனைக்குப் போன நண்பரிடம் முதியவருக்குக் கொடுத்தனுப்பினோம். அவர் அதைப் பெருவிரலால் அழுத்தி, விளிம்பைக் கைரோமத்தில் ஓட்டிப் பார்த்தாராம். இரும்பு நல்லது, ஆனால் அடிப்பக்கம் சற்றுத் தடித்துவிட்டது, அடுத்த முறை இலையைச் சரியாகப் பார்க்கும்படி கொல்லருக்குச் சொல்லுங்கள் என்று, இன்னோர் இலை நறுக்கித் தந்தனுப்பியிருக்கின்றார்.